அச்சுகுத்தும் முத்திரையும்: வாசகர் கேள்வி பதில்

குழந்தைத் தடுப்பூசி அட்டவணையைப் போன இதழில் வெளியிட்டிருந்தோம். அதற்குப் பிறகு களியக்காவிளை, பாறசாலை, பனச்சமூடு, கொல்லங்கோடு பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஊசியோடு நிற்கவில்லை. வீட்டையும் சபையையும் பற்றியவை. குழந்தை மருத்துவம் பார்ப்பவரும் வேதாகமம் கற்பித்தவரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. யார் பெயரையும் போடவில்லை.

மருந்து எடுக்காத சபையில் வளர்ந்தவள் நான். சிசேரியன் என்பதால் பிரசவம் ஆஸ்பத்திரியில். பிறந்த அன்று மகளுக்கு அங்கேயே காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள்காமாலை ஊசி போட்டுவிட்டார்கள். அதோடு நின்றது, இப்போது 14 மாதம். ஊசி போட்டவர்களைத் திருவிருந்தில் சேர்க்கமாட்டோம் என்று கொரோனா சமயம் சொன்ன மூப்பர், கல்ஃபில் இருக்கும் மகனைப் பார்க்கப் போவதற்காக ரகசியமாக இரண்டு டோஸும் போட்டிருந்தார். அது தெரிந்த அன்றே மனம் விட்டுப்போயிற்று. கணவர் இன்னும் சபையில்தான். இனிமேல் போடலாமா? முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? கணவர் கையெழுத்து கேட்பார்களா?
— வாசகி, களியக்காவிளை

போடலாம். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. இடைவெளி எத்தனை மாதமானாலும் போட்ட ஊசி போட்டதுதான். விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கணவர் கையெழுத்து யாரும் கேட்பதில்லை. பிள்ளையையும் அட்டையையும் கொண்டுவரும் தாயின் சம்மதம் போதும். அட்டை தொலைந்திருந்தால் பிரசவம் ஆன ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தை எடுத்துப் போங்கள். பிறந்த அன்று போட்ட மூன்றும் அதில் எழுதியிருக்கும்.

ஒரு வயது தாண்டியதால் அட்டவணை கொஞ்சம் மாறும். ஒரு வயதுக்குள் ஒரு தவணையாவது ஐந்து நோய்க்கான பென்டா போட்டிருந்தால் அதையே தொடர்வார்கள். உங்கள் மகளுக்கு அது போடாததால் அரசுத் திட்டத்தில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்குமான டி.பி.டி. கிடைக்கும். முதல் நாள் டி.பி.டி. இடது தொடையின் வெளிப்பக்கம் 0.5 மி.லி., தட்டம்மை-ரூபெல்லாவுக்கான எம்.ஆர். வலது மேற்கையில் தோலுக்கடியில் 0.5 மி.லி., வாயில் போலியோ சொட்டு 2 துளி. வைட்டமின் ஏ திரவமும் கொடுப்பார்கள். நான்கு வாரம் கழித்து டி.பி.டி., சொட்டு, எம்.ஆர். இரண்டாம் தவணை. இன்னும் நான்கு வாரத்தில் டி.பி.டி., சொட்டு மூன்றாம் தவணை. அதிலிருந்து ஆறு மாதம் கழித்து டி.பி.டி. ஊக்கத் தவணை, ஐந்து வயதில் இன்னொன்று. வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டின் வயது போய்விட்டது, அதை விட்டுவிடுங்கள். மஞ்சள்காமாலை பி-யின் மீதி இரண்டு தவணை, நிமோனியாவுக்கான பி.சி.வி., மூளைக்காய்ச்சலுக்கான ஹிப் ஆகியவற்றைத் தனியாரிடம் போட்டுக்கொள்ளலாம், காசு ஆகும். அரசு ஊசிகளை முதலில் முடியுங்கள்.

நாள், புதன்கிழமை, தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதுதான் ஊசி நாள். காலையிலேயே போய்விடுங்கள். எம்.ஆர். பொடியைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மீதியைக் கொட்டிவிடுவார்கள். மதியத்துக்குப் பிறகு போகிறவர்களை அடுத்த வாரம் வரச்சொல்வது பெரும்பாலும் இதனால்தான். குப்பியைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம், செவிலியர் கோபப்படமாட்டார். லேபிளிலோ மூடியிலோ ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை என்று அர்த்தம். இரண்டும் ஒரே நிறம் என்றால் அந்தக் குப்பி ஆகாது.

மூக்கு ஒழுகுகிறது, லேசாக இருமுகிறது என்று பாதி வழியில் திரும்பிவிடாதீர்கள். சளி ஒரு தடையே கிடையாது. முன்பு போட்ட ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் குழந்தை இருந்தால், அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கடுமையான ஒவ்வாமை வருவதானால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும், மருந்தும் அங்கேயே இருக்கிறது.

அன்று இரவு காய்ச்சல் வரலாம். டி.பி.டி.யில் கக்குவான் கிருமியை முழுசாகக் கொன்று சேர்த்திருப்பதால் உடம்பு சுடுவது வழக்கம், இரண்டு நாளில் அடங்கும். பாரசிட்டமால் ஒரு தவணைக்கு எடையில் கிலோவுக்கு 15 மி.கி.; ஆறு மணி நேரத்துக்குள் மறுபடி வேண்டாம். எட்டுக் கிலோ பிள்ளைக்கு 120 மி.கி. இதில்தான் வீடுகளில் தவறு நடக்கிறது. சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. இருக்கும், அப்படியானால் 5 மி.லி. இன்னொரு சிரப்பில் 5 மி.லி.க்கு 250 மி.கி., அப்போது சுமார் இரண்டரை மி.லி. துளி மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், அதற்கு 1.2 மி.லி.தான். துளி பாட்டிலிலிருந்து ஸ்பூனில் 5 மி.லி. ஊற்றினால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். லேபிளை வாசித்துவிட்டு ஊற்றுங்கள். தொடையில் கல் மாதிரி ஒரு கட்டி சில வாரம் இருக்கலாம். எண்ணெய் தேய்க்காமல், ஒத்தடம் கொடுக்காமல் விட்டால் தானே கரையும். மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுதால், வலிப்பு வந்தால், துவண்டுபோனால் ஆஸ்பத்திரி.

உங்கள் வீட்டு நிலைமைக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான். எம்.ஆர். காய்ச்சல் அன்று வராது. வந்தால் ஏழிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் வரும், உடம்பில் லேசாகத் தடிப்பும் தெரியலாம். ஊசி போட்டதையே எல்லோரும் மறந்திருக்கும் நேரத்தில் பிள்ளை சுடும்போது, "கர்த்தரை விசனப்படுத்தியதன் பலன்" என்று வீட்டில் ஒரு குரல் எழும். அட்டையின் பின்பக்கம் அந்த ஆறு தேதிகளை இன்றைக்கே எழுதிவைத்துவிடுங்கள். கணவரிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் கணக்கு. ஆனால் எட்டாம் நாள் அவர் முதன்முதலாகக் கேள்விப்படும்படி வைக்காதீர்கள்.

தடுப்பூசிதான் மிருகத்தின் முத்திரை, அதற்குள் சிப் இருக்கிறது என்கிறார் எங்கள் அப்பா. வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் 13-ஐத் திறந்து காட்டுகிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.
— வாசகர், பாறசாலை

அவர் திறந்த இடத்திலேயே 16, 17-ம் வசனங்களை நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். முத்திரை விழுவது வலது கையில் அல்லது நெற்றியில். அடுத்த அதிகாரத்தின் 9-ம் வசனம் அதை மிருகத்தை வணங்குவதோடு சேர்த்தே சொல்கிறது. அங்கே முத்திரை என்பது யாரை வணங்குகிறோம் என்ற அறிக்கை. தெரியாமல், ஏமாந்து, செவிலியர் கையால் ஒருவருக்கு வந்துவிடக்கூடிய பொருளாக அந்த நூல் அதைப் பேசவே இல்லை.

சிப் விஷயம் இன்னும் எளிது. நாய்க்கு அடையாளத்துக்காகப் போடும் சிப் அரிசி மணி அளவு, சுமார் 12 மி.மீ. நீளம், 2 மி.மீ. தடிமன். அதற்கென்றே தடித்த ஊசி இருக்கிறது. குழந்தைக்குப் போடும் 23 கேஜ் ஊசியின் உள்துளை சுமார் மூன்றில் ஒரு மி.மீ. அந்தச் சிப்பும் சில அங்குல தூரத்தில் கருவியைப் பிடித்தால்தான் எண்ணைக் காட்டும். எங்கே போகிறோம் என்று யாருக்கும் சொல்லாது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போன் அதைச் சொல்லும், அப்பாவுடையதும் சொல்லும்.

வீட்டில் பாட்டா இருந்தால் அவர் சட்டைக் கையை உயர்த்திப் பாருங்கள். எழுபது தாண்டியவர் என்றால் மேற்கையில் வட்டமாக, நடுவில் குழிந்து, ஓரம் சுருங்கிய தழும்பு இருக்க வாய்ப்பு அதிகம். பெரியம்மைக்குக் குத்தியது. மலையாளத்தில் அதற்கு அச்சுகுத்து என்றே பெயர். திருவிதாங்கூரில் ராணி கௌரி லட்சுமிபாய் ஆண்ட 1810-15 காலத்தில் தொடங்கியது. அச்சு என்ற பெயரிலேயே முத்திரை இருந்தும், பாட்டா தலைமுறை அந்தக் கையோடுதான் ஞானஸ்நானம் பெற்றது, திருவிருந்து வாங்கியது. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-ல். பெரியம்மையே போனபின் அந்தத் தழும்புக்கும் வேலை இல்லாமல் போயிற்று. இன்றைய பிள்ளைகளின் இடது கையில் இருப்பது பி.சி.ஜி. தழும்பு, அது வேறு.

கருக்கலைப்பில் எடுத்த செல்களில் தயாரித்த ஊசி பாவம் என்று கத்தோலிக்க நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
— வாசகி, தூத்தூர்

பாதி உண்மை. கிருமியை வளர்க்க உயிருள்ள செல் வேண்டும். 1960-களில் கலைக்கப்பட்ட இரண்டு கருக்களிலிருந்து எடுத்த செல்களைப் பெருக்கி உருவாக்கியவைதான் டபிள்யூ.ஐ.-38, எம்.ஆர்.சி.-5 என்ற செல் வரிசைகள். அவை இன்றுவரை ஆய்வகத்தில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஊசிக்காகப் புதிதாக ஒரு கருவும் எடுப்பதில்லை. ரூபெல்லா ஊசி மனித செல் வரிசையில் வளர்ப்பது. கோவிஷீல்டு தயாரிப்பிலும் 1970-களின் ஒரு செல் வரிசை இருந்தது. கோவாக்சின் குரங்குச் சிறுநீரகச் செல்லில் வளர்த்தது. மஞ்சள்காமாலை பி-க்கு ஈஸ்ட். ஆக, எல்லா ஊசியையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறவர் விஷயம் தெரியாமல் பேசுகிறார்.

வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21-ல் வெளியிட்ட குறிப்பு, வேறு வழி இல்லாதபோது இத்தகைய கொரோனா ஊசியைப் போடுவது ஒழுக்கத்துக்கு ஒத்ததே என்றது. செல் வரிசை இல்லாத மாற்றைத் தயாரிக்கும்படி கம்பெனிகளையும் கேட்டது. இன்னொன்று: கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் கரு கலையலாம், பிறக்கும் பிள்ளைக்குக் கண்புரையும் காது கேளாமையும் இதயக் குறையும் வரலாம். கருவுக்காகப் பேசுகிறவர்கள் அதையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

அரசு கட்டாயப்படுத்தியது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாமே?
— வாசகர், கொல்லங்கோடு

கொரோனா ஊசி பற்றிய 2022 மே 2 தீர்ப்பு அது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல் மீதான உரிமை அரசியல் சாசனத்தின் 21-ம் பிரிவில் அடங்கும் என்றது. பக்கவிளைவு விவரங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்கச் சொன்னது. அரசின் தடுப்பூசிக் கொள்கை தன்னிச்சையானது என்று சொல்ல முடியாது என்றும் அதே தீர்ப்பில் உண்டு. வாட்ஸ்ஆப்பில் முதல் வரி மட்டும் சுற்றுகிறது.

நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா சபை ஊழியர். கல்லூரியில் மஞ்சள்காமாலை ஊசி மூன்று தவணையும் போட்டதை வீட்டில் சொல்லவில்லை. 2021-ல் சித்தப்பா கொரோனாவில் இறந்தபோது அடக்க ஆராதனையிலேயே "விசுவாசக் குறைவு" என்று பிரசங்கம் பண்ணினார்கள். சித்தி முன்வரிசையில் இருந்தார். அன்றிலிருந்து எனக்குப் பாட்டு வாயில் வருவதில்லை. இதில் தப்பாகச் சொன்னவர்கள் வேறு எதிலெல்லாம் சொல்லியிருப்பார்கள்? கொள்ளைநோய் அணுகாது என்று சொல்லும் 91-ம் சங்கீதத்தை அப்பா தினமும் அனுப்புகிறார். ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிடவா?
— வாசகி, பனச்சமூடு

முதலில் தொழில் விஷயம். மூன்றாம் தவணைக்குப் பிறகு ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் அளவைப் பாருங்கள். 10-க்குக் குறையாமல் இருந்தால் போதும். குறைந்தால் மறுபடி தவணைகள் உண்டு. கையில் ஊசி குத்திக்கொண்ட பிறகு இதைத் தேடக் கூடாது.

இப்போது அந்தப் பிரசங்கம். பிழைத்தால் விசுவாசம், செத்தால் விசுவாசக் குறைவு. எது நடந்தாலும் போதனை ஜெயிக்கிறது, பழி படுக்கையில் கிடந்தவர் மேல் விழுகிறது. சித்தி அன்று கணவரையும் இழந்து குற்றவாளியாகவும் உட்கார்ந்திருந்தார். உங்கள் வாய் அடைத்துப்போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மருத்துவமும் தவறும், கோவிஷீல்டால் மிக அரிதாக ரத்தம் உறைந்தது உண்மை. அதை 2021-லேயே கண்டு எழுதியவர்களும் மருத்துவர்கள்தான், பல ஐரோப்பிய நாடுகள் இளையவர்களுக்கு அந்த ஊசியை நிறுத்தின. தன் தவறைக் குறித்துவைக்க ஒரு நோட்டு இருக்கிறதா என்று எந்தப் போதனையிடமும் கேட்கலாம்.

மருந்து எடுக்காததுதான் பழைய, கலப்படமில்லாத விசுவாசம் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். இந்த மண்ணில் அது பிந்தி வந்தது. நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது 1838-ல். எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல், அறுவை மருத்துவராக வந்து ஆண்டுக்கணக்காகப் பணி செய்ததும் அங்கேதான். நாகர்கோவிலில் இரட்சணிய சேனைக்கு கேதரின் பூத் ஆஸ்பத்திரி. ரோட்டாவாக் என்ற ரோட்டா சொட்டு மருந்தைச் சோதித்த மூன்று இடங்களில் ஒன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. மருந்தே பிசாசின் வேலை என்ற பேச்சு, அமெரிக்காவில் சிகாகோவுக்கு வடக்கே 1900-களின் தொடக்கத்தில் சீயோன் என்று ஒரு நகரத்தையே கட்டிய டௌயி போன்ற சுகமளிக்கும் பிரசங்கிகளிடம் ஓங்கி ஒலித்தது. பெந்தெகொஸ்தே எழுப்புதல் அந்தக் காற்றையும் சுவாசித்தபடிதான் கடல் தாண்டியது. அதற்கு வெகுகாலம் முன்பு, 1721-ல் பாஸ்டனில் பெரியம்மை வந்தபோது, அம்மைப் பாலைக் குத்தச் சொல்லி வாதாடியவர் காட்டன் மேதர் என்ற கறாரான பழைமைவாதப் போதகர். அவருக்கு அந்த முறையைச் சொன்னவர் ஒனேசிமு என்று பெயரிடப்பட்ட ஆப்பிரிக்க அடிமை. எதிர்த்தவர் ஊர் டாக்டர்! போதகர் வீட்டு ஜன்னல் வழியே வெடிகுண்டே எறிந்தார்கள். தானாக அம்மை வந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் இறந்தார்கள், குத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்.

91-ம் சங்கீதத்தை அப்பாவோடு வாதிட வேண்டாம். தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்ற அதன் 11, 12-ம் வசனங்களை இயேசுவிடம் சொல்லி, தேவாலய உச்சியிலிருந்து குதி என்றது பிசாசு என்பது அவருக்கே தெரியும், மத்தேயு 4. குதிக்க மறுத்தது விசுவாசக் குறைவா என்று ஒருநாள் கேட்கலாம், ஒரே தடவை, அம்மாவும் தம்பியும் இல்லாத நேரம். அவர் ஆசா ராஜாவை எடுப்பார். வைத்தியரைத் தேடியதற்காகக் கடிந்துகொள்ளப்பட்டவர், இரண்டாம் நாளாகமம் 16. அங்கே குற்றம் கர்த்தரைத் தேடாதது என்று வசனமே சொல்கிறது. எசேக்கியாவின் கொப்புளத்துக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. இதற்கு மேல் போகாதீர்கள். சபை ஊழியராகவும் அப்பாவாகவும் இருக்கிறவர் ஒரே ராத்திரியில் இரண்டு இடத்திலும் தோற்க முடியாது.

வேறு எதிலெல்லாம் தப்பு என்ற கேள்விக்கு ஒரு நோட்டு போடுங்கள். சொல்லித் தந்தவை ஒவ்வொன்றும் ஒரு வரி: நகை கூடாது, சினிமா கூடாது, மருந்து கூடாது, ஏழைக்குக் கொடு, பொய் சொல்லாதே, உபவாசம் இரு. பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள்: வேதத்திலிருந்தா, இந்தச் சபையின் விதியிலிருந்தா, அப்பாவின் சுபாவத்திலிருந்தா. அப்பாவின் சுபாவம் என்ற மூன்றாவது பட்டியல் எதிர்பார்த்ததைவிட நீளமாகப் போகும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அதை எழுதி முடித்தபின் பாருங்கள். ஒரு வருடமும் ஆகலாம். எங்கள் அபிப்பிராயத்தில், கடவுள் உண்டா இல்லையா என்பதை அந்தப் பிரசங்கியின் தரத்தை வைத்து முடிவுசெய்வது அவருக்குக் கொடுக்கும் அதிகப்படி மரியாதை.

ஆராதனையை இந்த வருடம் அறிவித்து நிறுத்தாதீர்கள். கட்டணம் அப்பா கட்டுகிறார். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் மூலப்பிரதிகள் உங்கள் கையில் இருக்கட்டும். உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும். விடுதியில் இருக்கும் ஞாயிறுகளில் போகாமல் இருந்து, எது குறைகிறது எது லேசாகிறது என்று பாருங்கள். வீட்டுக்கு வரும்போது போய் உட்காருங்கள்; சாட்சி சொல்லக் கூப்பிட்டால் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடலாம். இறுதித் தேர்வு முடிந்து, பதிவு எண் வாங்கி, முதல் சம்பளம் வந்தபின் அப்பாவிடம் நேராகச் சொல்லலாம், ஊசியையும் சேர்த்து. அதற்கு முன் ஒரு தடவை சித்தியைப் போய்ப் பாருங்கள். "சித்தப்பாவுக்கு விசுவாசம் குறையவில்லை, ஆக்சிஜன்தான் குறைந்தது" என்று அவரிடம் யாரும் இதுவரை சொல்லியிருக்கமாட்டார்கள்.

பேரனுக்கு ஊசி போட மருமகள் கூட்டிப்போகிறாள், நான் தடுக்கவில்லை. போகும் முன் பாஸ்டர் எண்ணெய் பூசி ஜெபிக்கலாமா? கேலி செய்ய வேண்டாம்.
— ஒரு பாட்டி, குழித்துறை

கேலி எதற்கு? யாக்கோபு 5:14-ல் எண்ணெயும் ஜெபமும் சேர்ந்தே இருக்கின்றன. தாராளமாகப் பூசுங்கள், நெற்றியில். தொடையிலும் மேற்கையிலும் வேண்டாம். எண்ணெய்ப் பசை இருந்தால் செவிலியர் அதைத் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். போட்ட பிறகும் அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். பையனுக்குத் தொடை எளிதில் தெரிகிற மாதிரித் தளர்ந்த நிக்கர் போட்டு அனுப்புங்கள். ஜெபத்தைச் செவ்வாய் இரவே வைத்துக்கொண்டால் புதன் காலை வரிசையில் முன்னால் நிற்கலாம்.